50 அடிக்கு அப்பால்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு வீட்டின் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும் இடம், பக்கத்திலுள்ள சதுப்புநிலத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும். தனியார் குடிநீர்க் கிணற்றுக்கு 100 அடி. ஊருக்குக் குடிநீர் தரும் ஏரிக்கும் நீர்த்தேக்கத்துக்கும் 400 அடி. அடுத்த மனையின் எல்லைக்கு 10 அடி போதும். 'டைட்டில் 5' என்று அங்கே எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் மாநில விதித்தொகுப்பு இந்தத் தூரங்களை ஓர் அட்டவணையாகவே தந்திருக்கிறது. மனை வாங்குகிறவர், வரைபடம் போடும் பொறியாளர், அனுமதி தரும் ஊர்ச் சுகாதார வாரியம் ஆகிய மூவருக்கும் அந்த அட்டவணைதான் பொதுமொழி. நாடா பிடித்து அளந்துவிடலாம், சண்டைக்கு இடமில்லை. சட்டம் எழுதுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட விதி மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த நாடா உண்மையில் எதை அளக்கிறது என்ற கேள்வியை அங்கே வெகுகாலம் யாரும் அழுத்திக் கேட்கவில்லை. கிருமிகளைத் தடுக்க வகுத்த தூரத்தைக் கழிவுநீரில் வரும் நைட்ரஜனுக்கும் காவல் என்று நம்பி வீடுகளைக் கட்டிக்கொண்டே போனார்கள். அந்த மாநிலத்தின் கேப் காட் தீபகற்பத்தில் கழிமுகங்கள் கெட்டதற்கு யாரும் விதியை மீறியது முதன்மைக் காரணமில்லை. விதியை ஒழுங்காகப் பின்பற்றிய வீடுகளே அதற்குப் போதுமானவையாக இருந்தன.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் 'செப்டிக் டேங்க்' என்றால் வீட்டின் பின்புறம் மூடிபோட்ட தொட்டி, அது நிரம்பினால் வந்து உறிஞ்சிப்போகும் லாரி, அவ்வளவுதான் நினைவுக்கு வரும். மாசசூசெட்ஸில் தொட்டி பாதிக் கதைதான். குறைந்தது 1,500 கேலன், அதாவது சுமார் 5,700 லிட்டர் கொள்ளும் தொட்டியில் கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப்பசை மேலே மிதக்கும், நடுவிலிருக்கும் கலங்கல் நீர் துளைக் குழாய்கள் வழியே ஜல்லியும் மணலும் பரப்பிய ஒரு படுகைக்குப் போகும். அதை உறிஞ்சுபடுகை என்று சொல்லலாம். நம் உறிஞ்சுகுழியின் அகன்று விரிந்த வடிவம் அது. சுத்திகரிப்பில் பெரும்பகுதி அந்தப் படுகைக்குக் கீழே உள்ள, நீர் நிறைந்திராத மண்ணில்தான் நடக்கிறது. ஆகவே படுகையின் அடிக்கும் நிலத்தடி நீரின் உச்ச மட்டத்துக்கும் இடையே 4 அடி மண் இருக்க வேண்டும் என்கிறது விதி. நீர் வேகமாக இறங்கும் மணல் என்றால் 5 அடி. அந்த உச்ச மட்டத்தைக் கண்டுபிடிக்க நீர் ஏறும் பருவம்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆழமாகக் குழி வெட்டி, மண்ணின் சுவரில் துருநிறத் திட்டுகள் எந்த உயரத்தில் தொடங்குகின்றன என்று பார்ப்பார்கள். நீர் ஏறி இறங்கிய இடத்தில் இரும்பு கரைந்து படிந்து விட்டுப்போன தடம் அது.

இந்த ஏற்பாட்டுக்கு அங்கே இரண்டு காவலர்கள். கழிவுநீர் அமைப்பைப் பார்ப்பது ஊரின் சுகாதார வாரியம். ஈரநிலத்தைப் பார்ப்பது ஊரின் பாதுகாப்பு ஆணையம், பெரும்பாலும் ஊதியமில்லாத உள்ளூர்க்காரர்கள். ஈரநிலத்துக்குச் சட்டம் செய்ததில் அமெரிக்காவிலேயே முதல் மாநிலம் மாசசூசெட்ஸ். 1963-ல் கடலோர ஈரநிலங்களுக்கு ஒன்று, 1965-ல் உள்நாட்டு ஈரநிலங்களுக்கு இன்னொன்று, 1972-ல் இரண்டையும் சேர்த்து ஒரே சட்டம். அதன்படி ஈரநில விளிம்பிலிருந்து 100 அடி அகலப் பட்டை ஒன்று காப்பு எல்லை. இதைப் பலரும் 'கட்டத் தடை உள்ள பகுதி' என்று புரிந்துகொள்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பட்டைக்குள் வேலை செய்யுமுன் ஆணையத்திடம் மனு போட வேண்டும், ஆணையம் நிபந்தனை விதிக்கலாம், அவ்வளவே. அதற்குள்ளும் ஒரு வாசல் உண்டு. உறிஞ்சுபடுகை 50 அடி விலகியிருந்து, டைட்டில் 5-இன் மற்ற நிபந்தனைகளையும் நிறைவேற்றினால், அது ஈரநிலத்தைக் காக்கிறது என்றே விதிகள் முன்கூட்டி அனுமானித்துக்கொள்கின்றன. எதிர்ச்சான்று காட்டி அந்த அனுமானத்தை உடைக்கலாம். ஒரே ஒரு வீட்டின் மனுவை வைத்துக்கொண்டு மாலை நேரக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஆணையத்திடம் அந்தச் சான்று எங்கிருந்து வரும்? இந்த இடத்தில் ஒரு காவலர் மற்றவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார். கேப் காட்டின் பல ஊர்கள் இதை உணர்ந்து, தங்கள் சொந்த விதிகளில் 50 அடியை 100 அடி ஆக்கின. எண் மாறியதே தவிர, தூரம்தான் மருந்து என்ற நம்பிக்கை மாறவில்லை.

தூரம் உதவாது என்று சொல்ல வரவில்லை. எதற்கு உதவுகிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். கழிவில் வரும் நுண்ணுயிர்களுக்கு அது நன்றாகவே உதவுகிறது. காற்றோட்டமுள்ள 4 அடி மண்ணில் பாக்டீரியாக்கள் வடிகட்டப்படுகின்றன, உலர்கின்றன, மற்ற உயிர்களால் தின்னப்படுகின்றன. தப்பிப்பவையும் நிலத்தடி நீரில் மெல்ல நகரும்போது நாளாவட்டத்தில் செத்துப்போகின்றன. இங்கே தூரம் என்பது காலத்தின் இன்னொரு பெயர். பாஸ்பரஸுக்கும் ஓரளவு அப்படித்தான். மண் துகள்கள்மேல் பூசியிருக்கும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதைப் பிடித்துவைக்கின்றன. பிடிக்கும் இடமெல்லாம் நிரம்பியபின் அது அடுத்த துகளுக்கு நகர்கிறது. நன்னீர்க் குளங்களில் பாசி பெருகப் பாஸ்பரஸே முதற்காரணம் என்பதால், குளக்கரை வீடுகளுக்கு உறிஞ்சுபடுகையை எவ்வளவு தள்ளிவைக்கிறோமோ அவ்வளவு ஆண்டுகள் குளத்துக்குக் கிடைக்கின்றன. நைட்ரஜன் வேறு குணம் கொண்டது. தொட்டியிலிருந்து அமோனியமாக வெளிவரும் அது, காற்றோட்டமுள்ள மண்ணில் பாக்டீரியாக்களால் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட்டை மணல் பிடித்துவைப்பதில்லை, அது சாவதுமில்லை. நீர் போகிற வேகத்திலேயே நீரோடு போகும். கிருமியைக் கொல்வதற்காக நாம் வலியுறுத்தும் அதே 4 அடிக் காற்றோட்ட மண்தான் நைட்ரேட்டை உருவாக்கும் பட்டறை. இதிலுள்ள முரண் போதாதென்று இன்னொன்றும் உண்டு. மனையில் குழி தோண்டி நீர் ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கும் சோதனையில் சிக்கலின்றித் தேறுவது மணல். கரிமப்பொருள் குறைந்த அந்த மணலுக்குத்தான் நைட்ரேட்டைத் தடுக்கும் வழி ஏதும் தெரியாது.

இதை ஊகமாக விடத் தேவையில்லை. கேப் காட்டின் மேற்குப் பகுதியில் உள்ள ராணுவத் தளம் 1936 முதல் 1995 வரை சுத்திகரித்த கழிவுநீரை மணற்படுகைகளில் விட்டுவந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் அந்த நீர் நிலத்தடியில் எங்கே போகிறது என்று தொடர்ந்து அளந்தது. 1984-ல் வெளிவந்த அறிக்கையின்படி அது 2,500 அடிக்கு மேல் அகலமும் 75 அடி தடிமனும் 11,000 அடிக்கு மேல் நீளமும் கொண்ட ஒரு நாக்காக நீண்டிருந்தது. அந்த நாக்கின் தொலைவான பகுதியில் சோப்புத்தூள் இருந்தது. 1964-க்கு முன் அமெரிக்காவில் விற்ற, நுண்ணுயிர்களால் சிதைக்க முடியாத பழைய வகைச் சலவைப்பொருள். இருபது ஆண்டுக்கு முன் யாரோ துணி துவைத்த தண்ணீர், மைல் கணக்கில் நடந்துபோய், இன்னும் தன் அடையாளத்தோடு மண்ணுக்குள் இருந்தது. அது ஒரு தளத்தின் கழிவு, தனி வீட்டின் கழிவு இவ்வளவு தூரம் போகுமா என்று கேட்கலாம். கனடாவின் ஒன்டாரியோவில் ராபர்ட்சன், செர்ரி, சுடிக்கி என்ற மூவர் மணல்நிலத்தில் இருந்த இரண்டு தனி வீடுகளின் கழிவுநீரைப் பின்தொடர்ந்து 1991-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 12 ஆண்டு பழைய ஒரு வீட்டின் நாக்கு 130 மீட்டருக்கு, அதாவது 400 அடிக்கு மேல் நீண்டிருந்தது. பக்கவாட்டில் அது பரவிக் கரையவில்லை, கத்தியால் வெட்டியதுபோல் ஓரம் தெரிந்தது. அடியில் போய்க் கலந்து நீர்த்துவிடும் என்ற ஆறுதல் அங்கே பலிக்கவில்லை.

அந்த ஆய்வின் இரண்டாவது வீடுதான் என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. அது ஓர் ஆற்றங்கரையில், நீருக்கு 20 மீட்டரில் இருந்தது. அதன் நைட்ரேட் ஆற்றை நோக்கிக் குறையாமல் வந்தது. ஆனால் ஆற்றில் சேருமுன் கடைசி இரண்டு மீட்டரில் ஏறக்குறைய முழுதும் காணாமல் போனது. காரணம் ஆற்றுப்படுகையின் கரிமச் சேறு. காற்றில்லாத அந்தச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைச் சுவாசித்து, அதை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி விடுகின்றன. 18 மீட்டர் மணல் செய்யாததை 2 மீட்டர் சேறு செய்தது. காப்பு எல்லை விதிகளின் அடிப்படைச் சித்திரத்தையே இது புரட்டிப்போடுகிறது. ஈரநிலம் காக்கப்படவேண்டிய நோயாளி, நடுவிலிருக்கும் உலர்நிலம் காவலன் என்பது விதியின் பார்வை. நைட்ரஜனைப் பொறுத்தவரை உலர்நிலம் வெறும் வழிப்போக்கன். வேலை செய்வது ஈரநிலத்தின் கறுப்பு மண். அதை நிரப்பி மனையாக்கினாலோ, நீர் அதன்வழியே ஊறாமல் வாய்க்கால் வெட்டிக் கடலுக்குக் குறுக்குவழி காட்டினாலோ, எத்தனை அடி தள்ளி வைத்தும் பயனில்லை.

இந்தச் சான்றுகளை வைத்துக்கொண்டு கேப் காட்டைப் பார்த்தால் நடந்தது விளங்கும். பனியாறு கொண்டுவந்து கொட்டிய மணல் அந்தத் தீபகற்பம். கீழே உள்ள நிலத்தடி நீரே அதன் குடிநீர். அதற்கு வேறு மாற்றில்லை என்று 1982-ல் மத்திய அரசே அறிவித்தது. 1950-ல் ஏறத்தாழ 47,000 பேர் வாழ்ந்த இடத்தில் 2020-ல் 2,29,000 பேர். கோடைவிடுமுறை வீட்டுக்காரர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. அங்குள்ள வீடுகளில் மிகப்பெரும்பான்மைக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. ஒவ்வொரு வீடும் தன் 50 அடியை, தன் 4 அடியைக் காட்டி அனுமதி வாங்கியது. ஒவ்வொன்றின் நைட்ரேட்டும் நாளுக்குச் சுமார் ஓர் அடி வேகத்தில் ஏதோ ஒரு வளைகுடாவை நோக்கி நடந்தது. கரையிலிருந்து ஒரு மைல் உள்ளே, எந்த ஈரநிலத்தின் காப்பு எல்லைக்குள்ளும் வராத வீடும் இதில் கரையோர வீட்டுக்குச் சமம்தான். குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம்வரை நைட்ரேட்-நைட்ரஜன் இருக்கலாம் என்பது அமெரிக்க வரம்பு. பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தைக் காக்க வகுத்த எண் அது. கடற்புல் வாழவேண்டிய கழிமுகமோ அரை மில்லிகிராமைக்கூடத் தாங்குவதில்லை. ஆகவே குடிக்க முற்றிலும் நல்ல நீர் கடலுக்கு நஞ்சாக இருக்க முடிந்தது. பாசி பெருகி நீர் கலங்க, வெளிச்சமின்றிக் கடற்புல் அழிந்தது. அதில் ஒட்டி வளரும் ஸ்காலப் சிப்பிகள் குறைந்தன. கோடையில் சில கழிகளின் அடிநீரில் ஆக்சிஜன் இல்லாமற்போனது.

பழியெல்லாம் வீட்டுக் கழிவறைமேலா, புல்தரை உரமும் சாலை மழைநீரும் காற்றில் வரும் நைட்ரஜனும் இல்லையா என்பது அங்கே அடிக்கடி எழுந்த எதிர்வாதம். அவை உண்டு. ஆனால் 2001-ல் தொடங்கிய மாநிலக் கழிமுக ஆய்வுத்திட்டம் வளைகுடா வளைகுடாவாகக் கணக்கெடுத்தபோது, உள்ளூரில் கட்டுப்படுத்தக்கூடிய நைட்ரஜனில் ஏறத்தாழ 80 விழுக்காடு செப்டிக் அமைப்புகளிலிருந்தே வந்தது. கட்டுப்படுத்தக்கூடிய என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். வானத்திலிருந்து விழுவதை ஊர் வாரியம் தடுக்க முடியாது. உரத்தைக் குறைப்பது நல்லது, எளிதும்கூட. அதை முழுதும் நிறுத்தினாலும் மீதிக் கணக்கு அசையாது.

இன்னொரு கூட்டத்தார் நேர்மாறான முடிவுக்கு வருகிறார்கள். 50 அடி போதவில்லை என்றால் 200, 300 அடியாக உயர்த்திவிடலாம் என்பது அவர்கள் கட்சி. ஆற்றோரங்களுக்கு 1996 சட்டம் 200 அடி கொடுத்த முன்மாதிரியும் இருக்கிறது. அகலமான பட்டை பறவைக்கும் தவளைக்கும் நல்லது, மண் அரிப்பைத் தடுக்கும், வெள்ளநீர் பரவ இடம் தரும், கரை மரங்களின் நிழல் நீரைக் குளிர்வாக வைக்கும். இவற்றுக்காக அகலப்படுத்தினால் நானும் ஆதரிப்பேன். நைட்ரஜனுக்காக என்றால் அந்தக் காரணம் நிற்காது. 130 மீட்டர் நாக்குக்கு முன்னால் 300 அடி சில மாதத் தாமதம் மட்டுமே. மேலும் மோசமான பக்கவிளைவு ஒன்று வரும். கரையோரம் கட்ட முடியாத வீடுகள் உள்ளே நகரும், ஒவ்வொன்றும் பெரிய மனை கேட்கும், சாலையும் புல்தரையும் பெருகும், ஒரே நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் மொத்த நைட்ரஜன் அப்படியே இருக்கும். எண்ணிக்கை பற்றிய கேள்வியைத் தூரத்தால் தீர்க்கப் பார்ப்பதன் விளைவு இது. டைட்டில் 5-க்குள்ளேயே சரியான கேள்வியின் விதை இருந்தது. நைட்ரஜனால் எளிதில் கெடக்கூடிய பகுதிகளில் 40,000 சதுர அடிக்கு நாளொன்றுக்கு 440 கேலனுக்கு மேல் விடக்கூடாது என்றது அது. அதாவது நான்கு படுக்கையறை. அடியை விட்டுவிட்டு அளவைப் பேசிய விதி. ஆனால் அது குடிநீரை மனதில் வைத்து எழுதப்பட்டது, கழிமுகங்களின் நீர்ப்பிடிப்பு அதன் பட்டியலில் இருக்கவில்லை.

படுக்கையறை என்று சொன்னதும் ஒன்றை விளக்கவேண்டும். அங்கே கழிவுநீரின் அளவைக் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கணக்கிடுவதில்லை, ஒரு படுக்கையறைக்கு 110 கேலன் என்று கணக்கிடுகிறார்கள். 70 சதுர அடியும் ஒரு சன்னலும் தேவையான உயரமும் இருந்தால் அது படுக்கையறை. எனவே வரைபடங்களில் 'வாசிப்பறை', 'தையலறை' என்று பலவித அறைகள் முளைப்பதில் வியப்பில்லை. வேடிக்கையாகத் தோன்றினாலும் இதில் ஆழமான விஷயம் இருக்கிறது. எந்த மண் நீரை உறிஞ்சுகிறது, எந்த மனையில் நான்காவது அறைக்கு இடமுண்டு என்ற கேள்விகள்தான் பல பத்தாண்டுகளாக அந்த ஊர்களில் யார் எங்கே எவ்வளவு கட்டலாம் என்பதைத் தீர்மானித்தன. வெளிப்படையாக நகரத் திட்டமிடல் என்று பெயர் வைக்காமலே அந்த வேலையை மலக்குழி விதிகள் செய்தன. அதனால்தான் பாதாளச் சாக்கடை போடுவோம் என்றதும் எதிர்ப்பு வருகிறது. குழாய் வந்தால் மண்ணின் தடை நீங்கும், கட்டடங்கள் பெருகும் என்ற அச்சம் நியாயமானது. மாநில அரசு இதற்குத் தந்த பதில் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சாக்கடை வந்த பிறகும் கழிவுநீரின் மொத்த அளவு முன்பு அனுமதித்ததைத் தாண்டாது என்று ஊர் விதி செய்தால்தான் வட்டியில்லாக் கடன். வளர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்பதை மண்ணின் தலையில் கட்டாமல் ஊர்க்கூட்டம் முகத்துக்கு நேரே பேசவேண்டிய நிலை வருகிறது.

தூரத்திலிருந்து தொகைக்கு மாறும் இந்த நகர்வு 2018-ல் ஒரு வடிவம் பெற்றது. பிளெசன்ட் பே என்ற வளைகுடாவின் நீர்ப்பிடிப்பைப் பங்கிடும் சாத்தம், ஹார்விச், ஆர்லியன்ஸ், புரூஸ்டர் ஆகிய நான்கு ஊர்கள், தங்கள் நைட்ரஜன் கணக்கைப் பிரித்துக்கொண்டு கூட்டாக ஓர் அனுமதி பெற்றன. 2023 ஜூலையில் டைட்டில் 5 திருத்தப்பட்டபோது அது பொதுவழியாயிற்று. கேப் காட்டின் பாதிக்கப்பட்ட நீர்ப்பிடிப்புகளில் வீட்டுக்காரர்கள் நைட்ரஜனைக் குறைக்கும் நவீன அமைப்புக்கு 5 ஆண்டுகளில் மாறவேண்டும். ஊர் முன்வந்து 20 ஆண்டுக்கான நீர்ப்பிடிப்பு அனுமதி வாங்கினால் அந்தக் கட்டாயம் இல்லை. எங்கே குழாய், எங்கே புது வகைத் தொட்டி, எந்தச் சதுப்பை மீட்பது என்று ஊரே முடிவு செய்துகொள்ளலாம். சுமை ஏழைமேலும் ஓய்வூதியக்காரர்மேலும் விழும் என்ற ஆட்சேபம் கனமானது. விதிப்படி அனுமதி வாங்கிய ஒருவரிடம் இருபதாண்டு கழித்து வந்து உங்கள் தொட்டி போதாது என்பது கசப்பான பேச்சுதான். ஆனால் அந்த அநீதியின் வேர் புது விதியில் இல்லை. இந்த மனை பாதுகாப்பானது என்று தவறான அளவுகோலை வைத்துச் சான்று கொடுத்த பழைய விதியில் இருக்கிறது. எனவே செலவில் பங்கு பொதுப்பணத்துக்கும் உண்டு. குறுகிய கால விடுமுறை வாடகைமேல் 2.75 விழுக்காடு வரி விதித்து 2018-ல் தொடங்கிய நீர்ப் பாதுகாப்பு நிதி அந்தத் திசையில் ஒரு நல்ல தொடக்கம். கோடையில் வந்து குளித்துவிட்டுப் போகிறவரும் கணக்கில் வருகிறார்.

புது வகை அமைப்புகளில் சில, உறிஞ்சுபடுகைக்குக் கீழே மணலோடு மரத்தூளைக் கலந்து ஓர் அடுக்கு போடுகின்றன. மேலடுக்கில் உருவாகும் நைட்ரேட், காற்றில்லாத மரத்தூள் அடுக்கில் வாயுவாகிப் போகிறது. ஒன்டாரியோ ஆற்றின் சேறு இரண்டு மீட்டரில் செய்ததை மனைக்குள்ளேயே செய்ய முயலும் பிரதி இது. பராமரிப்பு வேண்டும், சோதனை வேண்டும், மரத்தூள் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைக் காலம்தான் காட்டும். தொட்டியைப் புதைத்துவிட்டு மறந்துபோகும் பழக்கத்துக்கு இது ஒத்துவராது.

இத்தனை செலவு செய்தும் வளைகுடா தெளியவில்லையே என்ற கேள்வி அடுத்த சில ஆண்டுகளில் ஊர்க்கூட்டங்களில் கட்டாயம் எழும். நாளுக்கு ஓர் அடி என்றால் ஒரு மைல் நடக்கப் பதினான்கு ஆண்டுக்கு மேல். 2010-ல் ஒரு மைல் உள்ளே உள்ள ஒரு வீட்டின் குளியலறையிலிருந்து இறங்கிய நீர் இப்போதுதான் கரையை எட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பின்னால் 2015-இன் நீரும் 2020-இன் நீரும் வரிசையில் வந்துகொண்டிருக்கின்றன.